ஏழாம் நாள் படம்

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது சிலாங்கூர் ஆறு எஸ்டேட்டுக்குள் வந்திருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசல் வரைக்கும் வரவில்லை. கீழே சாலை இறங்குகிற இடத்தில் சின்னப் பாலத்தை முழுங்கிவிட்டு, 'நான் ஒன்றும் பண்ணவில்லையே' என்கிற முகத்தோடு பழுப்பாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்த லோகேஸ்வரி விசிலை எடுத்து ஊதினாள் பாருங்கள், லயத்துக் கோழியெல்லாம் கூரையேறிவிட்டன.

லோகேஸ்வரி அந்த எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டுகிற கூட்டத்துக்கு மண்டோர். பதினாறு வருஷமாக இருபத்திரண்டு பேரை மேய்க்கிறவள். ஆகஸ்டு மாதம் வரைக்கும் அவளுக்கு விசில் தேவைப்பட்டதில்லை. எட்டாம் நம்பர் காட்டில் நின்று "டேய்" என்றால் பதினொன்றாம் நம்பரில் வெட்டுகிறவன் கை நிற்கும். ஆகஸ்டில்தான் கழுத்தில் தைராய்டு புற்றுநோய் என்று அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது வாயைத் திறந்தால் காற்று இறங்குகிற சைக்கிள் டியூப் மாதிரி வருகிறது. மனுஷி சளைத்தாளா? எஸ்டேட் கால்பந்துக் குழுவின் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஓர் ஊதல் என்றால் வா. இரண்டு என்றால் நில். மூன்று என்றால் எவனோ வசமாக மாட்டிக்கொண்டான்.

அன்றைக்கு எத்தனை ஊதினாள் என்று யாரும் எண்ணவில்லை. அவள் புருஷன் இருசப்பன் காப்பிப் போத்தலோடு ஓடிவந்தான். ஓடிவந்தவன் தரையில் கிடந்த செம்பனை மட்டையைக் கண்டதும் சட்டென்று நின்றான். அந்த மட்டைக்கு அப்பால் அவனுக்கு அனுமதி இல்லை.

அந்த மட்டை ஒரு கூத்து. போன செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரிக்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கலந்த அயோடின் மருந்து கொடுத்தார்கள். கழுத்தில் மிச்சம் மீதி ஒட்டியிருந்தாலும், வேறெங்காவது ஓடி ஒளிந்திருந்தாலும், தேடிப் போய்ச் சுடுகிற மருந்து. கொஞ்ச நாளைக்கு அவள் உடம்பிலிருந்தும் அந்தக் கதிர் வரும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "பெரியவங்க ஒரு மீட்டர் தள்ளியிருந்தா போதும், சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க கிட்டவே வரக்கூடாது" என்றாள். இந்தச் செய்தி எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது இரண்டு மீட்டர் ஆனது. மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது இன்னும் இரண்டடி கூடியது. லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டு வேலம்மா ஒரு மட்டையை இழுத்துவந்து பத்தடி தூரத்தில் போட்டு, "இதுக்கு அந்தாண்ட அக்கா, இந்தாண்ட நாம" என்று எல்லை வகுத்துவிட்டாள். லோகேஸ்வரிக்கு லயத்தின் காலியான கடைசி வீடு. சோறு எப்படிப் போகும்? குலை வெட்டுகிற நீளக் கம்பில் அரிவாளைக் கழற்றிவிட்டு நுனியில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவார்கள். பதினாறு வருஷம் அந்தக் கம்பைத் தூக்கச் சொல்லி விரட்டினவளுக்கு அந்தக் கம்பாலேயே ரசம் வந்தது.

இப்போது அந்தக் கம்பில் காப்பிப் போத்தல் ஆடிக்கொண்டு வந்தது.

"பாலம் முழுவிருச்சு லோகு."

"எனக்கு என்ன கண்ணு குருடா? மணி என்ன?"

"ஏழே கால்."

"பத்து மணிக்கு நான் அந்த மெஷின்ல படுத்திருக்கணும்."

"போன் போட்டு நாளைக்கு வர்றோம்னு..."

"நாளைக்கா? டாக்டரம்மா என்னா சொன்னாங்க? செவ்வாக்கெழமை விட்டா இந்த வாரம் மெஷின்ல எடம் இல்ல. அடுத்த வாரம் போனா உள்ள இருக்குற மருந்து மங்கிப் போயி ஒண்ணும் தெரியாது. அப்பறம் மறுபடியும் மொதல்லேருந்து. மறுபடியும் ரெண்டு வாரம் அயோடின் பத்தியம், மீனு இல்லாம, முட்ட இல்லாம, கடையில வாங்குற உப்பு இல்லாம! அதுக்குள்ள இந்த இடுப்பு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். கை தன்னையறியாமல் இடது இடுப்பில் போய் உட்கார்ந்தது. நான்கு நாளாக அந்தக் கை அங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். மருந்து குடித்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்புமுன் உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். மருந்து எங்கெங்கே போய் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். கழுத்தில் தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். வயிற்றில் லேசாக, அதுவும் சகஜம். இடது இடுப்பு எலும்புக்கு நேராக ஒரு புள்ளி, மிளகை ஒட்டவைத்தது போல. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் பிரேமினி யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்தில் ஏதோ எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தாராம். இந்தப் பேச்சு வந்ததும் லோகேஸ்வரிக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போன அந்த அம்மாதான் அன்றைக்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"லோகேஸ்வரி, படம் எடுக்க முதல் குளிச்சு, உடுப்பெல்லாம் மாத்தினீங்களா? வேர்வை, எச்சில் எல்லாத்திலயும் இந்த மருந்து இருக்கும். உடுப்பில பட்டாலும் இப்பிடித் தெரியும்."

"மாத்திட்டேன் டாக்டர்."

"எல்லாம்?"

"எல்லாந்தான்."

"அப்ப இது ஒண்டில் குடலா இருக்கவேணும், ஒண்டில் எலும்பா இருக்கவேணும். குடலெண்டால் ஏழாம் நாள் பார்க்கேக்க இருக்காது, போயிடும். எலும்பெண்டால் அங்கேயே நிக்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்கோ. தவறவிடாதேங்கோ."

எலும்பு! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு லோகேஸ்வரி நான்கு ராத்திரி தூங்கவில்லை. பகலில் மட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கூட்டத்தை அதட்டுவாள், எட்டாம் நம்பரில் உதிரிப் பழம் பொறுக்காமல் விட்டதுக்கு விசில் ஊதுவாள். எல்லாரும் போனபிறகு இடுப்பை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். அமுக்கி அமுக்கியே வலி வந்துவிட்டது. வலி வந்ததும், "பாத்தியா, வலிக்குது, எலும்புதான்" என்று முடிவு கட்டிவிட்டாள்.

அதனால்தான் அன்றைக்குக் காலையில் வெள்ளத்தைப் பார்த்து அந்த ஊதல்.

வேலம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பாதி லயம் வந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலமே நான் சொல்லல? மழ இப்புடி அடிக்குது, காரக் கொண்டு போயி மேல ரோட்டுல, கட முன்னுக்கு விடுங்கன்னு? அண்ணன் முனகிக்கிட்டே கொண்டு போயி விட்டாரு. இப்ப யாரு கெட்டிக்காரி?"

"நீதாண்டி. அந்தக் காருக்கு எப்புடிப் போறது, அதச் சொல்லு."

"நடந்தா நெஞ்சு வரைக்கும் தண்ணி. அதுலயும் பாலத்துக்கிட்ட இழுக்குது."

டிராக்டர் ஓட்டுகிற புவனேசன் பல்குச்சியைத் துப்பிவிட்டு முன்னால் வந்தான். "அக்கா, எட்டாம் நம்பர் காட்டு ரோட்டுல மேடு இருக்கு. அது வழியா டிராக்டர் போவும். கடைசி முந்நூறு அடிதான் போவாது. அங்க ஒரு படகு இருந்தா மேல ரோட்டுல ஏறிடலாம். கம்போங் குவாந்தான்ல படகுல ஆளுங்கள ஏத்தி மின்மினி காட்டுற பாக் ஹாலிம் எனக்குத் தெரிஞ்சவருதான். போன் போடவா?"

"இன்னும் போடலியா நீ?"

"நீங்க விசில் ஊதலியேக்கா."

ஊதினாள். லயமே சிரித்தது. அடைமழையில், ஊரெல்லாம் தண்ணீரில் நிற்கும்போது, ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் சிரிக்கிறார்களே என்று நினைக்காதீர்கள். அந்த ஜனம் அப்படித்தான். கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதுகளுக்குக் குஷி வந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், பத்தடி. டிராக்டரில் புவனேசன் பக்கத்தில் அவள் உட்கார முடியாது. எல்லாரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் குலை ஏற்றுகிற டிரெய்லரைக் கழுவி, அதன் பின்கோடியில் கோயில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கயிற்றால் கட்டினார்கள். நாற்காலியின் முதுகில் பெரிய குடை ஒன்றை நட்டார்கள். லோகேஸ்வரி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, புதுக் கைலி கட்டி, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இருசப்பன் டிராக்டரின் சக்கர மூடியில் தொற்றிக்கொண்டான்.

"அம்மா தேரு கெளம்பிருச்சு!" என்றான் எவனோ.

"தேங்கா ஒடைங்கடா!"

வேலம்மா வாயில் விரலை வைத்துக் குலவையிட்டாள். லோகேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. 'இந்தப் பாவிங்க இம்புட்டு செய்யிதுங்களே, போயி எலும்புன்னு வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு திரும்பி வருவேன்' என்று நினைத்தாள். வேலம்மா ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும், ஒரு பாக்கெட் அசாம் பழத்தையும் வீசினாள். உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழத்தை வாயில் அடக்கி உறிஞ்சிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். எச்சில் ஊறினால்தான் மருந்து வாயைக் கெடுக்காது. ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு இதே வேலைதான்.

டிராக்டர் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் செம்பனை நனைந்து நின்றது. வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியவில்லை. புவனேசன் ஓட்டினானா, கும்பிட்டானா என்றும் தெரியவில்லை. ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி வண்டி ஒருக்களித்தபோது லோகேஸ்வரி மூன்று முறை ஊதினாள்.

"யாருக்குக்கா மூணு?" என்று கத்தினான் புவனேசன்.

"ஒனக்குதாண்டா! ரோட்டப் பாரு!"

பாதி வழியில் அவள் கண் மரத்தடியில் போனது. தண்ணீரில் மிதக்காமல் மேட்டில் நின்ற இரண்டு மரங்களின் அடியில் சிவப்பாக உதிரி கிடந்தது. "யோவ், இருபத்தேழாவது வரிசையில பழுத்துக் கெடக்கு, தண்ணி வடிஞ்சதும் மொதல்ல இத வெட்டச் சொல்லு" என்று புருஷனிடம் கரகரத்தாள். இருசப்பன் தலையில் அடித்துக்கொண்டான். இந்த நேரத்திலும் எஸ்டேட்காரனுக்கு உழைக்கிறாளே என்று அவனுக்கு ஆற்றாமை.

மேடு முடிந்த இடத்தில் பாக் ஹாலிம் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும், நனைந்த தொப்பி, வாயில் அணைந்த ரொக்கோ சிகரெட். அவருடைய படகு நீளமானது, நாலு பேர் வரிசையாக உட்காருகிற மாதிரி. எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழும் கொஞ்சம் வரும்.

"மண்டோர், நீ முன்னாடி. நான் பின்னாடி. புருஷன் என் பக்கத்துல. போலே, முடியுமா?"

"போலே பாக்."

"என் படகுல ஏறுனா மின்மினி பாக்கத்தான் போவாங்க. இன்னிக்கு மின்மினியே ஏறுது லா!"

புவனேசன் கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். லோகேஸ்வரி காதில் வாங்காத மாதிரி ஏறி முன்நுனியில் உட்கார்ந்தாள்.

படகு நகர்ந்தது. தண்ணீர் பார்க்கத்தான் சாது. நடுவில் வந்ததும் பாலத்துப் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தது. பாக் ஹாலிம் துடுப்பைக் குத்தி எதிர்த்தார். ஒரு செத்த கோழி, ஒரு கேஸ் சிலிண்டர், யார் வீட்டுச் செருப்போ ஒன்று, எல்லாம் ஊர்வலமாகப் போயின. இருசப்பனுக்கு நீச்சல் தெரியாது. முருகா, முருகா என்று முனகிக்கொண்டே படகின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தான்.

லோகேஸ்வரியின் வாயில் அசாம் பழம் கரைந்து கொட்டை மட்டும் மிஞ்சியது. துப்பலாமா என்று பார்த்தாள். அடுத்தவர் படகில் எப்படித் துப்புவது? தண்ணீரில் துப்பலாம் என்றால், அவளுடைய எச்சிலைக் கக்கூஸில் துப்பி இரண்டு முறை தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டையை எடுத்துக் காகிதத்தில் சுருட்டினாள். எஸ்டேட் பொம்பளைகளுக்குப் பை எதற்கு, பர்சு எதற்கு? கைலியின் இடது மடிப்புத்தான் எல்லாம். சாவி, சில்லறை, வெற்றிலை, அத்தனையும் அங்கேதான். மடிப்பைத் தளர்த்தி, சுருட்டியதை உள்ளே செருகி...

செருகின கை அப்படியே நின்றது.

"யோவ்."

"என்னா லோகு? தண்ணி வருதா உள்ள?"

"யோவ்! வெள்ளிக்கெழம..."

"வெள்ளிக்கெழமைக்கு என்னா?"

"படம் எடுக்க முன்ன வெளிய உக்கார வச்சாங்கய்யா. அரை மணி நேரம். தொட்டி எதுவும் கண்ணுல படல. தரையப் பாத்தா கண்ணாடி மாதிரி. நான் பாட்டுக்கு அசாம் தின்னுக்கிட்டு... நாலு கொட்ட. காயிதத்துல சுருட்டி இங்க செருவுனேன்." இடது இடுப்பில் அறைந்துகொண்டாள். "இங்கய்யா! இதே எடத்துல!"

இருசப்பன் அவள் இடுப்பைப் பார்த்தான். "உடுப்புதான் மாத்திட்டேன்னியே?"

"மேல அவங்க குடுத்தத மாட்டிக்கிட்டேன். கீழ கைலிய அவுக்கல. அந்த எடத்துல ஒரு ஆம்பள நிக்கிறான், நான் எப்புடி அவுப்பேன்? அதான் மேல கவுன எறக்கி விட்டுட்டு மாத்திட்டேன்னு சொல்லிப்புட்டேன். வீட்டுக்கு வந்து அவுக்கையில கொட்ட கீழ விழுந்துச்சு, கூட்டித் தள்ளிட்டேன். அடியே லோகேஸ்வரி, நாலு நாளா அசாங்கொட்டைக்கா நீ அழுத!"

அந்த உடைந்த தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். கண்ணில் தாரை தாரையாக வழிந்தது. எலும்பில் இல்லை, தன் எலும்பில் ஒன்றுமில்லை! எழுந்து நின்று ஆடாத குறை. படகு சாய்ந்தது.

"டுடோக்! டுடோக்! உக்காரு மண்டோர்!" என்று அலறினார் பாக் ஹாலிம். "என்ன லா நடக்குது?"

"பாக், திருப்புங்க. வீட்டுக்குப் போவலாம். எனக்கு ஒண்ணுமில்ல!"

"எங்க திருப்புறது? பாதி வந்தாச்சு."

"அந்த அம்மாகிட்ட போயி நான் எப்புடிச் சொல்லுவேன், நாலு கொட்டைக்கு உங்கள ஏமாத்துனேன்னு? மானம் போவும். திருப்புங்க பாக். தண்ணியும் ஏறுது."

இருசப்பன் சாதாரணமாக வாயைத் திறக்க மாட்டான். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் மண்டோரை எதிர்த்து அவன் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு, நீச்சல் தெரியாத மனுஷன், நடுத்தண்ணியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"திருப்பக் கூடாது பாக். நேராப் போங்க."

"யோவ், அதான் சொல்றேன்ல..."

"நீ சொல்ற. ஒன் ஆளு ஒருத்தன் காட்டுலேருந்து வந்து 'கொல பழுத்திருச்சு மண்டோர்'னு சொன்னா, நீ நம்பி லோரிய அனுப்புவியா? இல்ல, போயி மரத்தடியில நின்னு பாப்பியா?"

லோகேஸ்வரி முன்நுனியிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள்.

"போயி பாப்ப. பதினாறு வருஷமா பாத்திருக்க. இதுக்கும் போயி பாப்போம். ஒண்ணுமில்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். மானம் போனா போவட்டும். நீ இருந்தா போதும்." சொன்னபிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அதை மறைக்க, "பாக், குவாட் சிக்கிட்! வேகமா!" என்று சம்பந்தமில்லாமல் அவரை அதட்டினான்.

ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. லோகேஸ்வரி பின்சீட்டின் கோடியில், இருசப்பன் முன்னால், ஜன்னல் நாலும் திறந்தபடி, இருவரும் தொப்பலாக. நெடுஞ்சாலையில் அவன் ஓட்டிய வேகத்துக்கு அந்தப் பழைய புரோட்டோன் நன்றி சொல்லியிருக்காது.

லோகேஸ்வரி டாக்டர் பிரேமினியைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கைலி, கொட்டை, காகிதம், பொய். டாக்டர் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது.

"பதின்மூண்டு வருசமா இந்த வேலை செய்யுறன். கைக்குட்டை கண்டிருக்கிறன், தலைமுடி கண்டிருக்கிறன். அசாங்கொட்டை இதுதான் முதல் தரம்."

"அப்ப நான் போவலாமா டாக்டர்?"

"வந்தது வந்திட்டீங்கள். வெள்ளம் கடந்து வந்தவளை அப்பிடியே அனுப்பலாமோ? போய்க் குளியுங்கோ. எல்லாத்தையும் மாத்துங்கோ. எல்லாத்தையும்!"

இந்த முறை லோகேஸ்வரி கைலியை அவிழ்த்துக் கொடுத்தாள். ஒரு நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டாள். மெஷினில் அசையாமல் படுத்தபோது அவளுக்குப் பயமே இல்லை. பசிதான். வேலம்மாவின் நாசி லெமாக் காரில் இருப்பது ஞாபகம் வந்தது.

படம் முடிந்து உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிஷம் என்றார்கள். அப்புறம் திரும்பக் கூப்பிட்டு நெஞ்சுக்கு மட்டும் இன்னொரு மெஷினில் எடுத்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லோகேஸ்வரி இருசப்பனைப் பார்த்தாள். இருசப்பன் சுவரைப் பார்த்தான்.

டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். திரையைத் திருப்பினாள்.

"இடுப்பைப் பாருங்கோ. ஒண்டும் இல்லை. வெள்ளிக்கிழமைப் புள்ளி அசாங்கொட்டைதான்."

இருசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். டாக்டரின் விரல் திரையிலேயே இருந்தது.

"இப்ப இதைப் பாருங்கோ."

நெஞ்சின் வலப்பக்கம், அரிசி நுனி அளவுக்கு ஒரு கறுப்பு.

"இதுவும் எதாச்சும் ஒட்டிக்கிட்டதா இருக்குமா டாக்டர்?" என்றான் இருசப்பன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

"இல்லை. அதுக்குத்தான் திரும்ப எடுத்தனாங்கள். நுரையீரலுக்குள்ள இருக்கு. சின்னன். நோய்தான்."

லோகேஸ்வரி திரையை உற்றுப் பார்த்தாள். காட்டில் மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வருகிற முகம் அது.

"வெள்ளிக்கெழம இது இல்லியே."

"இருந்திருக்கும். மூண்டாம் நாள் மருந்து உடம்பு முழுக்கப் பரவி இருந்தது. எல்லாமே மங்கலா இருக்கேக்க இது அதுக்குள்ள மறைஞ்சிட்டுது. இப்ப மற்ற இடமெல்லாம் கழிஞ்சு போச்சு. விடாமல் பிடிச்சு வச்சிருக்கிற இடம் மட்டும் தெரியுது. சில பேருக்கு இது மறுவளமாயும் நடக்கும், மூண்டாம் நாள் தெரிஞ்சது ஏழாம் நாள் இருக்காது. உங்களுக்கு இப்பிடி."

"மொத ரவுண்டு போறப்ப கொல பச்சையா நிக்கும்" என்றாள் லோகேஸ்வரி, தனக்குத்தானே சொல்வது போல. "ஒண்ணும் இல்லன்னு தாண்டிப் போயிடுவோம். பத்து நாளு கழிச்சு அடுத்த ரவுண்டு போனா, அதே மரத்தடியில உதிரி கெடக்கும்."

"அதேதான்."

"மருந்து அதுக்குள்ள போயிருக்கா?"

"போனபடியால்தான் தெரியுது. இந்த நிமிசமும் அது அங்க இருந்து வேலை செய்யுது. ஆறு மாசத்தில பார்ப்பம். தேவையெண்டால் இன்னொருக்கா மருந்து. இப்பிடி மருந்தைப் பிடிக்கிற நோய் எங்களுக்கு வசதி. தெரியாமல் இருக்கிறதுதான் பயம்."

லோகேஸ்வரி திரையிலிருந்த அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"டாக்டர், நான் வெள்ளிக்கெழமையே உண்மையச் சொல்லியிருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். பொய் சொல்ல அந்த அம்மாளுக்கும் ஓர் இடம் இருந்தது. சொல்லவில்லை.

"உடுப்பை மாத்தி அங்கேயே திரும்ப ஒரு படம் எடுத்திருப்பன். இடுப்பில ஒண்டும் இருந்திருக்காது. எல்லாம் சரியெண்டு எழுதி வீட்டுக்கு விட்டிருப்பன். இண்டைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டன்."

வெளியே நடைக்கு வந்ததும் லோகேஸ்வரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சந்தோஷமா, பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏறி மிதித்தன. கொஞ்சம் தள்ளி நின்ற இருசப்பன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்குய்யா."

"எனக்கும்தான்."

"படகுல நான் திருப்பச் சொன்னேன். நீ கேக்கல."

"இருவது வருசத்துல ஒரு தடவ" என்றான் இருசப்பன்.

அப்போது அவள் போன் அடித்தது. வேலம்மா, வீடியோ கால். எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் கூட்டமே நின்றது. மழையில் வேலை இல்லை, ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. புவனேசன் சேறோடு முன்வரிசையில் நின்றான். அத்தனை முகமும் திரைக்குள் இடித்துக்கொண்டு நுழையப் பார்த்தது.

"அக்கா! எலும்பு என்னாச்சு?"

லோகேஸ்வரி திரையை முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதுகள் குதிக்கும். ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"எலும்புல ஒண்ணுமில்ல" என்றாள். அந்தப் பக்கம் 'ஹோ'வென்று கூச்சல் எழுந்தது. அவள் கையைக் காட்டினாள். கூச்சல் அடங்கியது. அந்தக் காற்றிறங்கிய குரலைக் கேட்க எல்லாரும் போனுக்குக் கிட்டத்தில் குனிந்தார்கள்.

"முழுசாக் கேளுங்க. நெஞ்சுக்குள்ள ஒண்ணு இருக்கு. சின்னது. வெள்ளிக்கெழம கண்ணுக்குப் படாம ஒளிஞ்சிருந்துச்சு. இன்னிக்கு நீங்க என்னைக் கொண்டாந்து சேக்கலன்னா அது உள்ளயே வளந்திருக்கும், நானும் ஒண்ணுமில்லன்னு சுத்திக்கிட்டு இருந்திருப்பேன். அழுவாதடி வேலம்மா. கண்டுபுடிச்சாச்சு."